கோயிலின் கடைசித் தூணருகே ஓர் இருமல்

ஞாயிறு திருப்பலியில் மறையுரை ஆற்றும் குருவுக்குப் பலவித ஓசைகள் பழக்கமானவை. கைக்குழந்தையின் அழுகை, மின்விசிறியின் கடகடப்பு, வாயிலில் நிற்கும் இளைஞரின் முணுமுணுப்பு ஆகிய யாவும் நமக்குப் பழகிப்போனவையே. ஆனால், சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில், கோயிலின் கடைசித் தூணருகே வாரந்தோறும் எழுந்த ஓர் இருமலை மட்டும் நம்மால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. அது தொடங்கினால் இலேசில் அடங்காது. மக்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். நாமும் பேச்சை நிறுத்திக் காத்திருப்போம்.

ஒருநாள் திருப்பலி முடிந்ததும் உபதேசியாரை அழைத்து, அந்த அன்பரை இனி வெளி மண்டபத்தில் அமர்ந்து பூசை காணுமாறு சொல்லச் சொன்னோம். உபதேசியாரும் நயமாகவே சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிறு இருமல் கேட்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் கேட்கவில்லை. மறையுரை தடையின்றி நடந்தேறியது. அந்த அன்பர் மண்டபத்தில் இருக்கிறாரா, இல்லையா என்று நாம் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்கு மாதங்கள் கழிந்தன. ஒரு மாலைப் பொழுதில் அவருடைய மனைவி பங்கு இல்லத்தின் வாயிலில் வந்து நின்றார். "சாமி, அவருக்கு மூச்சு விட முடியலை. வந்து பூசிட்டுப் போங்க சாமி" என்றார். புனித எண்ணெய்ச் சிமிழை எடுத்துக்கொண்டு விரைந்தோம். கயிற்றுக் கட்டிலில் தலையணைகளை அடுக்கி, சாய்ந்தவாறு கிடந்தார் அவர். வயது நாற்பத்திரண்டு, பார்வைக்கு அறுபது. நம்மைக் கண்டதும் எழ முயன்றார், முடியவில்லை. "கோயிலுக்கு வராததுக்கு மன்னிக்கணும் சாமி. நான் இருமுனா பூசைக்கு இடைஞ்சல்" என்று ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவரல்லர், நாமே. அந்த இருமல் நம் காதில் விழுந்தது. அது சொன்ன செய்தியோ உள்ளத்தில் ஏறவில்லை. வீட்டுத் திண்ணையிலும் அடுத்த வீட்டிலும் எழும் இருமலை இவ்வாறே கேட்டும் கேளாதிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அவர்களை எண்ணியே இதனை எழுதத் துணிந்தோம்.

எட்டு மாத அலைச்சல்

அருட்சாதனத்தை வழங்கி முடித்தபின், நடந்தது என்ன என்று அவருடைய மனைவியிடம் கேட்டறிந்தோம். அவர் பதினாறு வயது முதல் கல் குவாரியில் பாறைக்குத் துளையிடும் வேலை பார்த்தவர். இருமல் தொடங்கியதும் முதலில் சென்ற இடம் மருந்துக்கடை. கடைக்காரர் தந்த இருமல் மருந்து மூன்று புட்டிகள் காலியாயின. பின்னர், சந்தை நாளில் வந்து ஊசி போடும் ஒருவரிடம் சென்றனர். ஊசி போட்ட இரண்டு நாள் தேவலை. மூன்றாம் நாள் பழையபடியே. அருகிலிருந்த சிறு நகரில் ஒருவர் இளைப்பு என்று மாத்திரை தந்தார். வேறொருவர் எக்ஸ்ரே எடுத்து, சளி கட்டியிருக்கிறது என்றார். இடையில் உறவினர் ஒருவரின் சொற்கேட்டு லேகியம். இன்னொருவரின் சொற்கேட்டுச் செய்வினை எடுக்கும் சடங்கு. இந்தக் கடைசிச் செய்தியைச் சொல்லும்போது அந்த அம்மாள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போயிற்று. பால் மாடு விலைபோயிற்று. எட்டு மாதங்களில் ஏறக்குறைய 60,000 ரூபாய் கரைந்திருந்தது. ஆயினும், சளியைப் பரிசோதித்துப் பாருங்கள் என்று அவரை ஒருவரும் அனுப்பவில்லை. அந்தப் பரிசோதனையோ, அவர்கள் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழியாகக் காசின்றிக் கிடைப்பது!

கட்டிலருகே கேட்கப்பட்ட கேள்வி

அன்றிரவே 108 வண்டியை வரவழைத்து, மாவட்டத் தலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவரைக் கொண்டு சென்றோம். வின்சென்ட் தே பவுல் சபையின் அன்பர் ஒருவரும் உடன் வந்தார். மூச்சுத் திணறலுக்கு ஆக்ஸிஜன் கொடுத்துச் சற்றே ஆசுவாசப்படுத்தியபின், மறுநாட்காலை நெஞ்சக நோய்ப் பிரிவின் மருத்துவ அம்மையார் கட்டிலருகே வந்தார். மார்பில் குழல் வைத்துப் பார்க்குமுன்பே அவர் கேட்ட முதற்கேள்வி, "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்பதுதான்.

எட்டு மாதங்களில் அதனைக் கேட்ட முதல் மருத்துவர் அவரே. பாறைக்குத் துளையிடும் வேலை என்றதும், எத்தனை ஆண்டுகளாக, நீர் ஊற்றித் துளையிடுவதா அல்லது தூசி பறக்கத் துளையிடுவதா, மூக்கை எதனால் மூடிக்கொள்வது என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். மாலையில் காய்ச்சல் வருகிறதா, உடல் எவ்வளவு மெலிந்தது, வீட்டில் வேறு எவருக்கேனும் இருமல் உண்டா, இதுவரை உண்ட மருந்துகள் யாவை என்று விசாரித்தார். அதன்பின்னரே குழலைக் கையில் எடுத்தார்.

சளிப் பரிசோதனையில் காசநோய் என்பது தெளிவாயிற்று. அதற்கும் அடியில் இன்னொரு நோய் இருந்தது. பல ஆண்டுகளாக உட்சென்ற கல்தூசி, நுரையீரலில் தழும்பு தழும்பாகப் பதிந்திருந்தது. இதனைச் சிலிக்கோசிஸ் என்பர். இவ்வாறு தூசி படிந்த நுரையீரலில் காசநோய் எளிதில் குடியேறும் என்று அம்மையார் விளக்கினார். காசநோய்க்கு மருந்து உண்டு; அந்தத் தழும்பை நீக்க மருந்து இல்லை. "நாலு மாசம் முன்னாடி வந்திருந்தாக்கூட இவ்வளவு சேதம் ஆகியிருக்காது, ஃபாதர்" என்றார். அவர் குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. ஆனால், நான்கு மாதங்களுக்கு முன்தான் அவரை மண்டபத்துக்குப் போகச் சொல்லியிருந்தோம். நோயுற்றவரைக் காற்றோட்டமான இடத்தில் அமரச் சொன்னது தவறன்று. ஏன் இருமுகிறீர் என்று கேளாமல் அனுப்பியதே தவறு.

மருத்துவரைத் தேடுவது விசுவாசக் குறைவா?

"சாமி, செபத்தில் நம்பிக்கை வைத்தால் போதாதா?" என்று கேட்போர் உண்டு. நல்ல உள்ளத்தோடு கேட்கப்படும் கேள்வி இது. ஆதலின் மறைநூலிலிருந்தே விடை காண்போம்.

பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப் பெருக்கினால் வருந்திய பெண்ணைப் பற்றி மாற்கு நற்செய்தியாளர் ஐந்தாம் அதிகாரத்தில் எழுதுகிறார். பல மருத்துவரிடம் சென்று கைப்பொருளையெல்லாம் இழந்தும், அவள் நிலை முன்னிலும் மோசமாயிற்று என்பதை அவர் மறைக்கவில்லை. மருத்துவராகிய லூக்காவோ இதே நிகழ்ச்சியைக் கூறுமிடத்து, நிலை மோசமானது என்ற செய்தியை விட்டுவிடுகிறார் என்று மறைநூல் வல்லுநர் புன்னகையோடு சுட்டிக்காட்டுவர். நாம் கண்ட கல்தொழிலாளியின் எட்டு மாதங்களும் அப்பெண்ணின் பன்னிரண்டு ஆண்டுகளும் ஒரே துயரத்தின் இரு படங்களே. கண்ட இடமெல்லாம் அலைவது வேறு. தக்க மருத்துவரைத் தேடுவது வேறு.

சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரமோ இன்னும் தெளிவாகப் பேசுகிறது. மருத்துவரை மதிக்க வேண்டும் என்றும், அவரையும் நிலத்தில் விளையும் மருந்துகளையும் படைத்தவர் ஆண்டவரே என்றும், நோயுற்றவர் ஆண்டவரிடம் மன்றாடியபின் மருத்துவருக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்றும் அது கற்பிக்கிறது. செபம் முதலில் வருகிறது. ஆனால் செபத்தோடு அது நின்றுவிடவில்லை.

அற்புதங்களின் திருத்தலமான லூர்து நகரிலேயே 1883 முதல் மருத்துவ அலுவலகம் ஒன்று இயங்கி வருகிறது. நலம் பெற்றேன் என்று எவரேனும் கூறினால், மருத்துவர்கள் பழைய சான்றுகளையெல்லாம் ஆராய்ந்த பின்னரே திருச்சபை தன் தீர்ப்பைக் கூறும். அற்புதத்தை ஆராயவே மருத்துவரை நாடும் திருச்சபை, இருமலுக்கு மருத்துவரை நாடுவதையா தடுக்கும்?

முதலில் செல்ல வேண்டிய இடம்

இனி, செய்ய வேண்டியதைக் காண்போம். இருமலோ காய்ச்சலோ இரண்டு வாரங்களைத் தாண்டினால், சளியில் இரத்தம் கண்டால், காரணமின்றி உடல் மெலிந்தால், இரவில் வியர்த்துக் கொட்டினால், இனியும் மருந்துக்கடை வாயிலில் நிற்கலாகாது. இவ்விரண்டு வாரக் கணக்கை நம் இல்லங்களின் நாட்காட்டியிலேயே குறித்து வைக்கலாம்.

முதலில் நாட வேண்டியது அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே சளியைப் பரிசோதனைக்கு எடுப்பார்கள். பொதுவாக இரண்டு மாதிரிகள் கேட்பார்கள். அவற்றுள் ஒன்று அதிகாலையில் எழுந்ததும் எடுக்கப்படுவது. வாயில் ஊறும் எச்சில் அன்று. நெஞ்சின் ஆழத்திலிருந்து இருமி எடுக்கும் சளியே வேண்டும். நுண்ணோக்கியில் பார்ப்பதோடு, ஜீன் எக்ஸ்பர்ட், ட்ரூநாட் என்னும் கருவிகளால் கிருமியின் மரபுக்கூறையே கண்டறிகிறார்கள். சில மணி நேரத்தில் விடை கிடைப்பதோடு, முக்கிய மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதும் தெரிந்துவிடுகிறது.

காசநோய் என்று உறுதிப்பட்டால், சாதாரண வகைக்கு ஆறு மாத மருந்து. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பின் நான்கு மாதம் மூன்று மருந்துகள். பரிசோதனையும் மருந்தும் அரசின் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் இலவசம். சத்துணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டு வந்தது; 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தனியார் மருத்துவரிடம் சிகிச்சை பெறுவோரும் இத்திட்டத்தில் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்வோம். இரண்டாம் மாதத்தில் இருமல் நின்றுவிடும், பசி எடுக்கும், முகம் தெளியும். நலமாகிவிட்டது என்று எண்ணி மருந்தை நிறுத்துவோர் பலர். அப்போது அரைகுறையாக எஞ்சிய கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாதவையாக மாறி, முன்னிலும் கொடிதாகத் திரும்பி வரக்கூடும். ஆறு மாதம் என்றால் ஆறு மாதமே.

நெஞ்சக மருத்துவர் எப்போது வேண்டும்?

எல்லா இருமலும் காசநோய் அன்று. எல்லா மூச்சுத் திணறலும் நுரையீரலிலிருந்து வருவதும் அன்று. இரத்தசோகையாலும் இதய நோயாலும்கூட மூச்சு வாங்கும். ஆதலின் முதலில் பொது மருத்துவரைப் பார்ப்பதே முறை. சளியில் காசநோய் தெரியாமலும் இருமல் நீடித்தால், மூச்சிரைப்பு மீண்டும் மீண்டும் வந்தால், எக்ஸ்ரேயில் மாசு கண்டால், இரத்தம் துப்பினால், நெஞ்சக நோய் மருத்துவரிடமே செல்ல வேண்டும்.

எக்ஸ்ரேயில் ஒரு கறையைக் கண்டதும், சளியைச் சோதிக்காமலே காசநோய் மருந்தைத் தொடங்கிவிடுவதும் சில இடங்களில் நடக்கிறது. மாதக்கணக்கில் மருந்துண்டும் குணமாகாமல், முடிவில் அது புற்றுநோய் என்று தெரியவரும்போது காலம் கடந்திருக்கும். குறிப்பாக, நெடுங்காலம் பீடி, சிகரெட் பிடித்தவர்களின் இருமல் மாறினாலோ, குரல் கம்மினாலோ, தாமதியாமல் நிபுணரைக் காண வேண்டும்.

ஆஸ்துமா வந்து வந்து போகும். இரவிலும் விடியற்காலையிலும் மிகும். பீடிப் புகையாலும், ஆண்டுக்கணக்கில் விறகடுப்பின் முன் அமர்ந்த தாய்மாருக்கு அடுப்புப் புகையாலும் வரும் மூச்சடைப்பு நோயோ, வந்தால் மெல்ல மெல்ல வளரும். இவ்விரண்டையும் பிரித்தறிய, ஒரு குழாயில் பலமாக மூச்சை ஊதச் செய்து அளக்கும் ஸ்பைரோமெட்ரி என்னும் எளிய பரிசோதனை உண்டு. கல் குவாரி, பஞ்சாலை போன்ற இடங்களில் உழைப்போரின் நோய் இன்னொரு வகை. பஞ்சுத் தூசியால் வரும் நோயின் தொடக்கத்தில், வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் நெஞ்சு இறுகும்; நாட்கள் செல்லச் செல்லத் தணியும். இத்தகைய நுட்பத்தைக் கேட்டறிபவரே நெஞ்சக மருத்துவர். நோயாளியிடம் அவர் செய்யும் தொழிலைக் கேட்க வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் ராமசீனி 1700-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். நம் அம்மையார் கேட்ட முதற்கேள்வி அவர் காட்டிய வழியே.

அவரை எவ்வாறு அறிவது? எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கு மேல், எம்.டி. நெஞ்சக மருத்துவம், டி.டி.சி.டி. என்னும் பட்டயம், அல்லது அத்துறையில் டி.என்.பி., டி.எம். ஆகியவற்றுள் ஒன்று பெயருக்குப் பின் இருக்கும். நெஞ்சக அறுவை மருத்துவர் வேறு. அவரிடம் செல்வதை நெஞ்சக மருத்துவரே சொல்வார். மருந்துச் சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது மருத்துவ ஒழுங்குவிதி. பதிவு எண் இல்லாத சீட்டைக் கண்டால், வேறிடம் செல்வதே நன்று.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நெஞ்சக நோய்ப் பிரிவு உண்டு. தாம்பரம் சானட்டோரியத்திலும், மதுரையை அடுத்த தோப்பூரிலும் நெஞ்சக நோய்க்கெனவே அரசு மருத்துவமனைகள் உள்ளன. எங்கே செல்வது என்று தெரியாதவர்கள் 104 என்னும் அரசு மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

செல்லும்போது வெறுங்கையோடு செல்லாதீர்கள். பழைய எக்ஸ்ரே படங்கள், பரிசோதனைத் தாள்கள், உண்ட மருந்துகளின் அட்டைகள் அனைத்தையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். இருமல் எந்த மாதம் தொடங்கியது, சளி என்ன நிறம், என்ன தொழில், வீட்டில் எந்த அடுப்பு, யாருக்குக் காசநோய் இருந்தது என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் எதனையும் மறைக்காதீர்கள். பாவசங்கீர்த்தனத்தில் பாதியை மறைத்தால் பயன் உண்டா? பீடியை மறைத்த நோயாளிக்கும் அதே நிலைதான்.

வெட்கம் என்னும் இரண்டாம் நோய்

இவ்வளவு வசதிகள் இருந்தும் நம் மக்கள் ஏன் ஒளிந்துகொள்கிறார்கள்? "ஊருக்குத் தெரிந்தால் பெண்ணை யார் கட்டுவார்?" என்ற அச்சமே பெருங்காரணம். இந்த அச்சத்துக்கு ஒரு பழைய வரலாறு உண்டு.

ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1882 மார்ச் 24-ஆம் நாள் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்தார். ஆனால், அதனைக் கொல்லும் மருந்து அப்போது இல்லை. நம் அன்புக்குரிய குழந்தை இயேசுவின் தெரேசம்மாள் 1897-இல் இருபத்து நான்கே வயதில் உயிர்நீத்தது இந்நோயினாலேயே. ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து கண்டறியப்பட்டது 1943-இல்தான். அதுவரை நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு ஆகியவையே சிகிச்சை. டாக்டர் டேவிட் சவுரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் சானட்டோரியத்தை நிறுவியது அக்காலத்தில்தான். உற்றாரைப் பிரிந்து மாதக்கணக்கில் அங்கே தங்க வேண்டியிருந்ததால், சானட்டோரியம் என்ற சொல்லே வீடுகளில் தாழ்ந்த குரலில் பேசப்பட்டது.

அந்தக் காலத்தை மாற்றியதில் நம் சென்னைக்கே பெரும்பங்கு உண்டு. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளுள் ஒரு பிரிவினரை மருத்துவ விடுதியிலும் மற்றொரு பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்து ஆராய்ந்தது. ஏழ்மையான, நெருக்கடியான வீடுகளில் இருந்தவர்களும் விடுதியில் இருந்தவர்களைப் போலவே நலமடைந்தனர். அதனால் அவர்கள் வீட்டாருக்கு நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை. 1959-இல் வெளிவந்த இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றிற்று. அந்நிறுவனம் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரோடு தொடர்கிறது.

ஆகவே, நோயுற்றவரை வீட்டைவிட்டு விலக்க வேண்டிய காலம் போய்விட்டது. காசநோய் பரம்பரை நோயன்று; சாபமும் அன்று. தட்டு, தம்ளரால் அது பரவுவதில்லை. இருமும்போது காற்றின் வழியாகவே பரவுகிறது. வாயை மூடி இருமுவதும், சன்னல்களைத் திறந்து வைப்பதும், மருந்தை ஒழுங்காக உண்பதுமே பாதுகாப்பு. தக்க மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே பிறருக்குப் பரவும் தன்மை பெரிதும் குறைந்துவிடும். ஒரே வீட்டில் வாழ்வோரையும் சோதிப்பது இன்றியமையாதது. நம் கல்தொழிலாளியின் ஒன்பது வயது மகளுக்கும் நோய் தொற்றியிருந்தது அவ்வாறே தெரியவந்தது.

ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு மருந்தை உறிஞ்சும் இன்ஹேலரைக் கொடுக்கப் பெற்றோர் தயங்குவதும் இதே வெட்கத்தினாலேயே. பழகிவிடும் என்று அஞ்சுகிறார்கள். அது போதைப் பொருளன்று. மிகச் சிறிய அளவு மருந்தை நேரே மூச்சுக்குழலில் சேர்ப்பதால், மாத்திரையைவிட அதுவே தீங்கு குறைந்தது என்று மருத்துவர் கூறுவர்.

கூரையைப் பிரித்த நால்வர்

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 1957-இல் குருமடத்தில் பயிலும் இளைஞராக இருந்தபோது கடுமையான நிமோனியாவால் தாக்குண்டார். இது ஆஸ்பிரினுக்குக் கட்டுப்படும் காய்ச்சல் அன்று என்று உணர்ந்து அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவர் குருமடத்தின் கண்காணிப்பாளர். அங்கே பணிபுரிந்த கொர்னேலியா என்னும் தொமினிக்கன் சபை அருட்சகோதரி மருந்தின் அளவைக் கூட்டிக் கொடுக்கச் செய்து தம்மைக் காத்ததைத் திருத்தந்தையே பின்னாளில் நினைவுகூர்ந்தார். வலது நுரையீரலின் ஒரு பகுதியை இழந்தும், 2025 ஏப்ரல் 21 வரை, தம் எண்பத்தெட்டாம் வயது வரை அவர் வாழ்ந்தார். உடனிருந்தவரின் உற்றுநோக்கும் கண் ஓர் உயிரைக் காத்தது. அந்தக் கண்காணிப்பாளரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்கிறோம், வெட்கமாக இருக்கிறது.

திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கியதை நாம் அறிவோம். நோயாளி தனியே நடந்து வரவில்லை. நம் பங்கிலும் அந்த நிகழ்ச்சிக்குப் பின் நால்வர் தேவைப்பட்டனர். ஒருவர் மருத்துவமனைக்கு உடன் செல்பவர். வரிசையில் நிற்பதும் தாள்களைக் காத்து வைப்பதும் அவர் பணி. ஒருவர் நாள்தோறும் மாலையில் சென்று, மருந்துண்டீரா என்று கேட்பவர். ஒருவர் முட்டையும் பயறும் கொண்டு கொடுப்பவர். ஒருவர் பிள்ளைகளின் பள்ளிப் படிப்பைப் பார்த்துக்கொள்பவர். வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் இதனைத் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். பெருஞ்செலவு ஏதும் இல்லை. ஒவ்வோர் அன்பியத்திலும் இத்தகைய நால்வரைக் கண்டுபிடிக்க இயலும்.

ஒரு குழலின் கதை

மருத்துவர் மார்பில் வைக்கும் குழலைக் கண்டுபிடித்தவர் லாயென்னெக் என்னும் பிரெஞ்சு மருத்துவர், பக்தியுள்ள கத்தோலிக்கர். 1816-இல் பாரிஸ் நகரில், இளம்பெண் ஒருத்தியின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூச்சமுற்ற அவர், ஒரு தாளைச் சுருட்டிக் குழலாக்கிக் கேட்டார். ஓசை முன்னிலும் தெளிவாகக் கேட்டது. அன்று முதல் நெஞ்சின் ஓசைகளையெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார். அவரே காசநோயால் 1826-இல் நாற்பத்தைந்து வயதில் இறந்தார். கேட்பதே நெஞ்சக மருத்துவத்தின் தொடக்கம் என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது. குருக்களின் பணிக்கும் தொடக்கம் அதுவே. அதனைத்தான் நாம் மறந்திருந்தோம்.

அந்த அன்பர் ஆறு மாத மருந்தையும் ஒரு நாள் தவறாமல் உண்டு முடித்தார். மகளும் நலமடைந்து பள்ளிக்குத் திரும்பினாள். கல்தூசி விட்டுச்சென்ற தழும்பு மாறவில்லை. குவாரி வேலை முடிந்துபோயிற்று. நான்கு ஆடுகளை வைத்துப் பிழைக்கிறார். மேட்டில் ஏறினால் இருமுறை நிற்க வேண்டும். விற்ற மாடும் அடகு வைத்த சங்கிலியும் திரும்பி வரவில்லை. தாமதத்தின் விலை இது. அதில் நம் பங்கும் உண்டு.

மருந்து முடிந்தபின் வந்த முதல் ஞாயிறன்று அவர் கோயில் மண்டபத்தில் வந்து அமர்ந்தார். திருப்பலி தொடங்குமுன் நாமே இறங்கிச் சென்று, கையைப் பற்றி உள்ளே அழைத்து வந்தோம். பழைய இடத்திலேயே, கடைசித் தூணருகே அமர்ந்தார். மறையுரையின் நடுவே இருமல் வந்தது. இம்முறையும் பேச்சை நிறுத்திக் காத்திருந்தோம். எரிச்சல் இல்லை. அவர் மூச்சு அடங்கியதும் தொடர்ந்தோம்.

அன்பர்களே, வரும் ஞாயிறன்று உங்கள் கோயிலிலும் யாரேனும் இருமக்கூடும். திரும்பி முறைக்காதீர்கள். திருப்பலி முடிந்ததும் அருகே சென்று, "எத்தனை நாளா இந்த இருமல்?" என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் என்றால், மறுநாள் காலையிலேயே சுகாதார நிலையத்துக்கு உடன் செல்லுங்கள். நோயாளரின் ஆரோக்கியமாகிய அன்னை மரியாள் உங்களோடு வருவாளாக.